தோல் மடிப்புக்குள் சிக்கிய காவல்நாய்

1946இல் நேப்பிள்ஸ் நகரில் நடந்த நாய்க் கண்காட்சியில் பியரோ ஸ்கான்சியானி என்ற எழுத்தாளரின் கண்ணில் ஒரு பெரிய நாய் பட்டது. வெசுவியஸ் எரிமலையைச் சுற்றியுள்ள பண்ணைகளில் தலைமுறைகளாக வாசல் காத்துவந்த இனம் அது. ஸ்கான்சியானி அதைப் பற்றி எழுதினார். குவாலியோனே என்ற நாயை வாங்கி வளர்த்தார். 1949இல் இத்தாலிய கென்னல் கிளப் நியாபோலிடன் மாஸ்டிஃபைத் தனி இனமாக ஏற்றது.

ஆண் நாயின் தோள் உயரம் 65 முதல் 75 செ.மீ., எடை 60 முதல் 70 கிலோ. பெருந்தலை, அகன்ற மார்பு, தடித்த எலும்பு, அசைந்து அசைந்து வரும் நடை. வீணாகக் குரைக்காது. வீட்டாரிடம் ஒட்டிக்கொள்ளும், அந்நியரை நம்பாது. ஹாரி பாட்டர் படங்களில் ஹாக்ரிடின் வளர்ப்பு நாய் ஃபாங்காக வந்தது இந்த இனம்தான்.

ரோமானியப் போர்நாய்களின் நேரடி வாரிசு என்று இதன் அபிமானிகள் பெருமைப்படுவதுண்டு. மொலோசர் எனப்படும் பழங்காலப் பெருநாய்களின் இரத்தம் இதில் ஓடலாம். ஆனால், இன்று தொங்கும் தோலுக்கும் அந்தப் பழமையையே சாட்சியாக அழைப்பது நியாயமில்லை. அதே வெசுவியஸ் அடிவாரத்தில், பாம்பேயின் ஒரு வீட்டு வாசல் மொசைக்கில் சங்கிலியோடு நிற்கும் காவல்நாயைப் பாருங்கள். ஒட்டிய உடல், முகத்தில் ஒரு மடிப்பும் இல்லை.

மடிப்புகளைப் பெருக்கியது கண்காட்சி மேடை. தளர்ந்த தோல் இந்த இனத்தின் அடையாளம் என்று விதிமுறை சொன்னது. தோல் அதிகமுள்ள நாயை நடுவர்கள் மெச்சினார்கள். வளர்ப்பவர்கள் இன்னும் கூட்டினார்கள். விலையைக் கொடுப்பது நாய். இமை கீழிறங்கிக் கண் சிவக்கிறது, மடிப்புக்குள் ஈரம் தேங்கித் தோல் புண்ணாகிறது. இடுப்பு மூட்டுக் கோளாறும் இந்த இனத்தில் சகஜம். பொதுவாக 7 முதல் 9 ஆண்டுகளே வாழ்கிறது.

2012இல் பிரிட்டனின் கிரஃப்ட்ஸ் கண்காட்சியில், இனத்தில் முதலிடம் பெற்ற நியாபோலிடன் மாஸ்டிஃப் கால்நடை மருத்துவரின் சோதனையில் தேறவில்லை. வேறு ஐந்து இனங்களின் வெற்றியாளர்களுக்கும் அதே கதி. வளர்ப்போர் கொதித்தார்கள். மருத்துவர்கள் செய்ததே சரி. உடல்நலம் இல்லாத நாய்க்குப் பரிசு கொடுத்தால், அடுத்த தலைமுறையும் அதே நோயோடுதான் பிறக்கும்.

வாங்குபவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. குட்டியின் முகச் சுருக்கத்தில் மயங்குவதற்கு முன், தாயும் தந்தையும் மூச்சு முட்டாமல் ஓடுகின்றனவா, கண்கள் தெளிவாக இருக்கின்றனவா, இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்தாயிற்றா என்று கேட்க வேண்டும். விற்பவர் பதில் சொல்லத் தயங்கினால், அந்தக் குட்டியை வாங்கக் கூடாது.