வெயிலில் ஐஸ் செய்வது எப்படி? (அல்லது அத்தை கேட்ட ரெண்டு கேள்வி)

ரொம்ப நாளா கடைப்பக்கம் வரலை மக்களே. அசைன்மெண்ட், பகுதிநேர வேலைன்னு ஆணி கொஞ்சம் அதிகம். இன்னிக்கு எழுதியே ஆகணும்னு உட்கார வச்சது ஒரு மீன்கடை.

லூயிஷாம் ஹை ஸ்ட்ரீட் மார்க்கெட் பக்கம் சாயங்காலம் வந்தா ஒரு காட்சி பார்க்கலாம். மீன்கடைக்காரர் கடையைக் கட்டும்போது, மீனுக்கு அடியில் பரப்பி வச்சிருந்த ஐஸை அப்படியே அள்ளி ஓரமா கொட்டிட்டுப் போயிடுவார். நேத்து குத்துமதிப்பா இருபது கிலோ இருக்கும். நின்னு பார்த்துட்டே இருந்தேன். பக்கத்துல போனவங்க என்னை ஒரு மாதிரியா பார்த்தாங்க.

எங்க அத்தை நாகப்பட்டினம் பக்கம் மீன் விக்கிறவங்க. விடியகாலை ஏலத்துல எடுத்து, அன்னக்கூடையில வச்சு, உள்ளூர் கிராமங்களுக்குக் கொண்டு போவாங்க. பதினோரு மணி வெயில் ஏறினா மீன் விலை இறங்கும். மதியத்துக்கு மேல மிஞ்சினது கருவாட்டுக்குத்தான். அந்த ரெண்டு மூணு மணி நேரத்தை ஐஸ் போட்டுத்தான் வாங்கணும். அந்த ஐஸையும் காசு குடுத்துத்தான் வாங்கணும். வெப்பப் பகுதிகள்ல ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ்னு கணக்கு சொல்லுவாங்க. அத்தை கையில அந்தக் கணக்கு என்னிக்கும் நிறைஞ்சதில்லை.

அதனால முதுகலை ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு யோசிச்சப்போ, வெயிலை வச்சே ஐஸ் செய்யும் மிஷினை நானே கட்டிடறதுன்னு முடிவு பண்ணேன். மின்சாரமே வேண்டாம். கேட்கவே ஜோரா இருக்குல்ல?

புது விஷயமும் இல்லை. மைக்கேல் ஃபாரடே 1791ல் பிறந்த நியூயிங்டன் பட்ஸ் இங்கிருந்து பஸ் தூரம்தான். அவர் 1823ல் அமோனியாவைத் திரவமாக்கினார். வளைஞ்ச கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் அமோனியாவை உறிஞ்சி வச்ச சில்வர் குளோரைடு. அதைச் சூடாக்கினா வாயு பிரிஞ்சு, குளிர்ந்த மறுமுனையில் திரவமா சேரும். சூட்டை நிறுத்தினா அந்தத் திரவம் கொதிச்சு ஆவியாகித் திரும்பப் போகும். போகும்போது சுத்தி இருக்கிற வெப்பத்தை இழுத்துக்கும். குளிர்ச்சி! 1878 பாரிஸ் கண்காட்சியில் மூஷோ என்கிற பிரெஞ்சுக்காரர் கண்ணாடிகளால் வெயிலைக் குவிச்சு, இதே மாதிரி அமோனியா தத்துவத்துல ஐஸ் செஞ்சு காட்டினார்.

வீட்டுல கட்டுறதுக்குன்னே ஒரு வரைபடமும் உண்டு. 1996ல் அமெரிக்காவின் ஹோம் பவர் பத்திரிகையில் வந்தது. வளைஞ்ச தகட்டின் நடுவில் ஒரு இரும்புக் குழாய், அதுக்குள்ள கால்சியம் குளோரைடு. பகல் வெயிலில் உப்பு அமோனியாவை விடும், ராத்திரி திரும்ப உறிஞ்சும். ஒரு சுற்றுக்கு சுமார் நாலரை கிலோ ஐஸ். மோட்டார் இல்லை, சத்தம் இல்லை. படிச்ச அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரலை.

மறுநாள் அத்தைகிட்ட போன்ல பெருமையா அளந்தேன். பொறுமையா கேட்டுட்டு ரெண்டே கேள்விதான் கேட்டாங்க.

"எவ்ளோ ஐஸ் வரும் தம்பி?"

"நாலரை கிலோ அத்தை."

"சரி. அமோனியான்னா ஐஸ் ஃபேக்டரில கசிஞ்சா கண்ணு எரியுமே, அந்த கேஸ்தானே? அதையா எங்க வீட்டுக்குள்ள வைக்கச் சொல்ற?"

எனக்குப் பேச்சு வரலை. நான் புத்தகத்துல படிச்ச அமோனியாவை அவங்க மூக்கால தெரிஞ்சு வச்சிருக்காங்க. கடற்கரை ஜனங்களுக்கு அது புதுசு இல்லை. 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூரில் கடலடிக் குழாயில் அமோனியா கசிஞ்சு, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் குழந்தைகளோட ரோட்டுக்கு ஓடி வந்ததும், பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் நமக்கெல்லாம் நினைவிருக்கும். நம்ம ஊர் முப்பது டிகிரியில் திரவ அமோனியாவை அடைச்சு வைக்கணும்னா கார் டயரைப் போல அஞ்சு மடங்கு அழுத்தம் தாங்கணும். பித்தளை, செம்பு வால்வு போட்டா அதை அரிச்சிடும். நான் கத்துக்குட்டியா வெல்டிங் அடிச்ச குழாயை ஓட்டு வீட்டு முற்றத்துல வைக்கிறதா? இணையத்துல இதை "வீட்டிலேயே செய்யலாம்"னு சிரிச்சுக்கிட்டே காட்டறவங்களைப் பார்த்தா இப்ப பயமா இருக்கு. பட்டறையும் பயிற்சியும் இல்லாதவங்க தயவு செஞ்சு கை வைக்காதீங்க.

சரி, அப்ப வெயில் ஐஸ் கனவு அவ்வளவுதானா? இல்லை. வேற வழியில் கணக்குப் போட்டேன்.

முப்பது டிகிரி தண்ணி ஒரு கிலோவைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர 126 கிலோஜூல், அதை உறைய வைக்க 334. மொத்தம் 460. சின்ன கம்ப்ரஸர், பெட்டிக்குள் கசியும் சூடு எல்லாம் சேர்த்து கிலோவுக்கு 0.15 யூனிட் மின்சாரம்னு தாராளமா வச்சுக்கிட்டேன். அத்தைக்கு ஒரு நாளைக்குப் பதினஞ்சு கிலோ ஐஸ் வேணும், அதாவது ரெண்டேகால் யூனிட். நாகை வெயிலுக்கு 400 வாட் பேனல் ரெண்டு போட்டா, தூசி, சூடு கழிவு போக தேறிடும். (இங்கே டிசம்பர்ல ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு ஒரு யூனிட் வெயில்கூட விழாது. ஆனா ராத்திரி தண்ணியை வெளியில் வச்சாலே சில நாள் ஐஸ் ஆயிடும், அது வேற கதை :-))

பேட்டரி வேண்டாமாங்கறீங்களா? வேண்டாம். ஐஸ்தான் பேட்டரி. பகல்ல உறைஞ்சதை நல்ல பெட்டியில் மூடி வச்சா, மறுநாள் விடியகாலை ஏலத்துக்கு ரெடி. இது என் கண்டுபிடிப்பு இல்லை. கரண்ட் இல்லாத ஊர்களில் தடுப்பூசி வைக்க 2001ல் தொடங்கின சோலார்சில் திட்டத்தோட அடிப்படையே இதுதான். பேனல், கம்ப்ரஸர், ஐஸ். பேட்டரி கிடையாது.

"ஊர்லதான் கரண்ட் இருக்கே, ஒரு ஃப்ரீசர் வாங்கி மாட்ட வேண்டியதுதானே"ன்னு கேட்பீங்க. நியாயம்தான். பில் கட்ட முடிஞ்சா அதுவே போதும். ஆனா 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்போ எங்க பக்கம் எத்தனையோ ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்துச்சு. அதோட, வெயில் உச்சத்துல இருக்கிறப்போதான் ஐஸுக்குத் தேவையும் உச்சம். வியாதியும் மருந்தும் ஒரே நேரத்துல வருது. விடலாமா?

இன்னொரு விஷயம், கொஞ்சம் வெட்கத்தோட சொல்றேன். கணக்கு போட்டுட்டே வந்தப்போ தெரிஞ்சது, அத்தைக்கு முதல்ல வேண்டியது மிஷினே இல்லை, ஒழுங்கா மூடுற கனமான தெர்மகோல் பெட்டி. திறந்த அன்னக்கூடையில் ஐஸ் மீனைக் குளிர்விக்கிறதை விட ரோட்டைக் குளிர்விக்கிறதுதான் அதிகம்.

என் கருத்து இதுதான்: தனித்தனி வீட்டுக்கு விளையாட்டு மிஷின் வேண்டாம். மீன் விக்கிற பெண்கள் குழுவுக்கு, ஏலம் நடக்கிற இடத்துக்குப் பக்கத்துல ஒரு கொட்டகை, அதுமேல பேனல், கீழே ஃப்ரீசர், ஆளுக்கொரு நல்ல பெட்டி. சாவி அவங்க கையில். துறைமுகத்துக்குக் கோடி கோடியா செலவழிக்கிற திட்டங்கள் படகோட நின்னுடுது. கூடை தூக்குறவங்க வரைக்கும் அது வரணும்.

ப்ராஜெக்ட் தலைப்பை மாத்திட்டேன். கைடு, "அமோனியா இன்னும் சுவாரசியமா இருந்திருக்குமே"ன்னு வருத்தப்பட்டார். அத்தைகிட்ட சொன்னேன். "பெட்டி முதல்ல அனுப்பு, மிச்சத்தை அப்புறம் பேசிக்கலாம்"னாங்க.

டிஸ்கி: என் கணக்குல ஓட்டை இருந்தா தாராளமா குத்துங்க. கடலோர ஊர்க்காரங்க யாராவது படிச்சா, உங்க ஊர்ல அம்மாக்கள் எவ்ளோ ஐஸ் வாங்கறாங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. புண்ணியமாப் போகும்.