சிந்தனையும் பணக்காரர் சொத்தா?

பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு பரீட்சை நடக்கிறது. மன்னர்கள் பட்டம் சூடிய தேதிகளை அதில் கேட்பதில்லை. வறுமை, வேலை, தண்ணீர், குடிபெயர்தல் போன்ற உலகப் பிரச்னைகளில் ஒன்றைப் பற்றிச் சில பத்திகளைக் கொடுக்கிறார்கள். "இவர் சொல்வதற்கு ஆதாரம் என்ன? அது போதுமா? இரண்டு வாதங்களில் எது வலுவானது, ஏன்?" என்று கேட்கிறார்கள். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தேர்வு ஸ்தாபனம் நடத்தும் 'உலகளாவிய பார்வைகள்' என்ற பாடம் இது. எழுத்துப் பரீட்சைக்கு நூற்றுக்கு 35. மாணவர் தாமே ஆராய்ந்து 1,500 முதல் 2,000 சொற்களில் எழுதும் அறிக்கைக்கு 30. மற்ற மாணவர்களோடு கூடிச் செய்யும் வேலைக்கு 35.

நல்ல பாடந்தான். மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தியாவில் இதைப் படிப்பவர்கள் யார்? பெரும்பாலும் பெருங்கட்டணம் கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளைகள். மில் தொழிலாளியின் மகனும் விவசாயக் கூலியின் மகளும் விடியுமுன் எழுந்து, பாடத்தின் பின்னாலுள்ள கேள்வி பதில்களை நெட்டுருப் போடுகிறார்கள். ஒருவனுக்குக் கேள்வி கேட்கும் பயிற்சி; இன்னொருவனுக்குக் கைகட்டிப் பதில் சொல்லும் பயிற்சி. நாளை யார் உத்தரவு போடுவார், யார் கேட்டு நடப்பார் என்பது இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது.

மத்திய சர்க்காரின் போக்கைப் பாருங்கள். 2023-24ல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் பாதி மார்க்கை நெட்டுருவுக்கு அல்ல, திறனுக்கே என்று அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால் அதே 2023ல் பத்தாம் வகுப்பு அரசியல் பாடநூலிலிருந்து மக்கள் போராட்டங்களும் இயக்கங்களும் பற்றிய பாடத்தையும், ஜனநாயகத்தின் முன்னுள்ள சவால்கள் பற்றிய பாடத்தையும் தேசியக் கல்வி ஆராய்ச்சிக் குழு நீக்கியது. பாரம் குறைக்கிறோம் என்றார்கள். சிந்தி என்கிறார்கள், சிந்திக்க வேண்டிய விஷயத்தை எடுத்துவிடுகிறார்கள். உலையை ஏற்றிவிட்டு அரிசியை ஒளித்து வைப்பது போன்றது இது.

உலகப் பிரச்னை என்பது எங்கோ இருப்பதல்ல. நம் கையில் இருக்கும் நூலில் இருக்கிறது. 2013 ஏப்ரல் 24ந் தேதி வங்கதேசத்தில், டாக்காவுக்கு அருகே, ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்தது. 1,134 பேர் மாண்டனர். பெரும்பாலோர் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்கும் சட்டைகளை அங்கே தைத்தார்கள்.

இதைப் பிள்ளைகள் முன் வையுங்கள். யார் பொறுப்பு? கட்டட முதலாளியா, ஆலை முதலாளிகளா, மலிவு விலை கேட்ட அயல்நாட்டுக் கம்பெனிகளா, சோதிக்கத் தவறிய சர்க்காரா? ஒவ்வொருவர் சொல்வதையும் கேட்கட்டும். பிறகு ஆதாரத்தைப் பார்க்கட்டும். முதல் நாளே சுவர்களில் விரிசல் கண்டது. கீழ்த் தளத்திலிருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மறுநாள் தையல் தொழிலாளர்களை மட்டும் வேலைக்கு வரச் சொன்னார்கள். வங்கி ஊழியர் உயிருக்கு ஒரு விலை, தையற்காரி உயிருக்கு வேறு விலையா? இந்தக் கேள்வி வரை வந்த மாணவி சரியாகவே சிந்தித்திருக்கிறாள்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. "இரு தரப்பையும் சொல்ல வேண்டும்" என்பதை ஒரு வாய்ப்பாடாக்கி, "இப்படியும் சொல்லலாம், அப்படியும் சொல்லலாம்" என்று எழுதச் சொல்லிக் கொடுத்தால் அதுவும் நெட்டுருவே. இரு தரப்பையும் கேட்பது நியாயம். கேட்டபின் உண்மையையும் பொய்யையும் ஒரே தராசில் சமமாக நிறுத்துவது நியாயமல்ல. எந்த ஆதாரம் கனமானதோ அந்தப் பக்கம் துணிந்து நிற்பதே சிந்தனையின் முடிவு.

நம் பள்ளிகளில் இந்தப் பயிற்சி வேண்டும். தமிழில் வேண்டும். கட்டணமின்றி வேண்டும். பொதுப் பரீட்சையில் இதற்கு இடம் வேண்டும். படிக்கவும் விவாதிக்கவும் நேரமுள்ள அளவுக்கு ஆசிரியர்களும், திறந்திருக்கும் நூலகமும் வேண்டும். இவை நமது கோரிக்கைகள்.

கோரிக்கை நிறைவேறும் வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. தொழிற்சங்க ஆபீசிலோ ஊர்ப் படிப்பகத்திலோ ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் பிள்ளைகளை உட்கார வையுங்கள். ஒரே செய்தியை இரண்டு பத்திரிகைகளிலிருந்து படிக்கச் சொல்லுங்கள். நான்கு கேள்விகள் போதும்: சொல்வது யார்? அவருக்கு எப்படித் தெரியும்? இதனால் லாபம் யாருக்கு? எதைச் சொல்லாமல் விட்டார்? நமது பத்திரிகையையும் இதே கேள்விகளால் சோதிக்கட்டும், நாம் அஞ்சவில்லை.

எழுத்தறியாத தாய் இதில் என்ன செய்வாள் என்று எண்ணாதீர்கள். அறுவடை இயந்திரம் வந்தபின் எத்தனை நாள் வேலை போயிற்று, வாய்க்காலில் தண்ணீர் எந்த மாதம் வந்தது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். மகள் கேட்டு எழுதட்டும். அதே இயந்திரத்தைப் பற்றி நில உடைமையாளர் சொல்வதையும் கேட்டு எழுதட்டும். மற்ற நாடுகளில் இயந்திரம் வந்தபோது தொழிலாளிக்கு என்ன நேர்ந்தது என்று ஆசிரியரிடம் விசாரிக்கட்டும். கேம்பிரிட்ஜ் கேட்கும் அறிக்கையும் இப்படித்தான் எழுதப்படுகிறது.

தோழர்களே! வயலையும் தறியையும் இயக்கும் கைகளுக்குரிய பிள்ளைகள், உலகத்தைப் பற்றித் தாங்களே முடிவுக்கு வரக் கற்க வேண்டும். சிந்தனை எவருடைய தனிச் சொத்துமல்ல. வருகிற ஞாயிறே தொடங்குங்கள்!