புழுக்கையைப் பாராமல் மருந்தா?

“கூலிக்காரனுக்கு ஆடு வளர்க்கத் தெரியவில்லை; அதனால் சாகிறது.” இப்படி ஒரு பேச்சு கிராமங்களில் உலவுகிறது. பேசுகிறவர்கள் யார்? சாகிற ஆட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களா? இல்லவே இல்லை!

2011-ம் ஆண்டு தமிழ்நாட்டு சர்க்கார் ஏழைப் பெண்களுக்கு நான்கு ஆடுகள் வீதம் இலவசமாக வழங்கத் துவக்கியது. நல்லது. அந்த ஆட்டின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் ஏற்பாடும் கூடவே வர வேண்டாமா? ஆடு மெலிகிறது, கண் இமையின் உட்புறம் வெளுக்கிறது, தாடைக்கடியில் பை போல நீர் கோக்கிறது. “புழுதான், இந்தா மருந்து” என்று ஒரு புட்டியை நீட்டுகிறார்கள்.

எந்தப் புழு? இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் உருண்டைப்புழுவாலும் தாடை வீங்கும். ஏரிக்கரை நத்தையில் வளர்ந்து, புல்லோடு உள்ளே போய்க் கல்லீரலைக் குடையும் தட்டைப்புழுவாலும் தாடை வீங்கும். முன்னதற்கு ஊற்றும் மருந்துகளில் பல, பின்னதைத் தொடக்கூடத் தொடாது. வெறும் கண்ணால் பார்த்து இதைப் பிரித்துச் சொல்ல முடியுமா? புழுக்கையைச் சோதித்தால் சொல்லலாம். அந்த ரத்தம் குடிக்கும் புழுவில் பெண் ஒன்று நாளொன்றுக்கு 5,000 முதல் 10,000 முட்டைகள் இடுகிறது. கெட்டியான உப்புக் கரைசலில் அவை மேலே மிதக்கும். தட்டைப்புழுவின் முட்டை கனமானது. தண்ணீரில் கரைத்து வைத்தால் அடியில் படியும். இரண்டையும் மைக்ராஸ்கோப் காட்டிக் கொடுத்துவிடும்.

இதற்குச் செலவாகும் என்று யாராவது கையை விரித்தால் சிரிப்பதா, அழுவதா? வேதாரண்யத்தில் உப்பு அள்ளிய நாட்டில் உப்புக்கா பஞ்சம்!

சோதியாமல், எடையும் பாராமல், ஒரே மருந்தைக் குறைந்த அளவில் திரும்பத் திரும்ப ஊற்றினால், அதற்கு மசியாத புழு பிழைத்துப் பெருகும். அல்பெண்டசோல் வகை மருந்துகளுக்கு மசியாத புழுக்கள் தமிழ்நாட்டு ஆடுகளிலேயே கண்டறியப்பட்டிருக்கின்றன. மருந்துக் கம்பெனிக்கு என்ன நஷ்டம்? இன்னொரு புட்டி விற்கும். நாற்று நட்ட கூலியில் மருந்து வாங்கியவள் ஆட்டையும் இழப்பாள், காசையும் இழப்பாள்.

தோழர்களே! கெட்டுப்போன மாதிரி என்று சொல்லி நம்மைத் திருப்பி அனுப்ப இடம் கொடுக்காதீர்கள். தரையில் கிடப்பதைப் பொறுக்கினால் மண்ணிலுள்ள புழுவும் சேர்ந்துவிடும். கையில் பாலிதீன் உறையை மாட்டி, ஆசனவாயிலிருந்தே விரலால் பதமாக எடுங்கள். உறையை அப்படியே உள்வெளியாகத் திருப்பிக் காற்றை வெளியேற்றி முடிச்சுப் போடுங்கள். 10 கிராம் இருந்தால் போதும். ஒவ்வொரு ஆட்டுக்கும் தனி உறை. ஆட்டின் அடையாளம், வயது, மேயும் இடம், கடைசியாக எப்போது என்ன மருந்து ஊற்றியது, எல்லாம் சீட்டில் இருக்கட்டும். சூட்டில் ஒரு நாள் கிடந்தால் முட்டை பொரிந்துவிடும். பிறகு எதை எண்ணுவது? ஐஸ் வைத்து, ஆனால் உறைய விடாமல், அன்றைக்கே சேர்ப்பியுங்கள். காலை ஷிப்டுக்குப் போகிற மில் தோழர் வழியில் கால்நடை ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டுப் போகலாம். அங்கே வசதி இல்லை என்றால், மாவட்டத்துக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

முடிவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மருந்து ஊற்றிய 14-ம் நாள் மறுபடியும் புழுக்கை கொண்டுபோங்கள். முட்டை நன்றாகக் குறையவில்லையா? இரண்டு சீட்டையும் மேஜைமேல் வைத்து, வேறு மருந்து எங்கே என்று கேளுங்கள்.