சாக்கெட்டை நம் கையில் கொடுத்தால்...

போன பதிவு சினிமா. இந்த முறை சி மொழி. பிடிக்காதவர்கள் இப்போதே ஓடிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன் :-)

டேனியல் ஸ்டென்பெர்க் 1998-ல் கர்ல் என்ற பெயரில் வெளியிட்ட கருவி உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் வயிற்றுக்குள் இருக்கும் லைப்ரரிதான் லிப்கர்ல். யூஆர்எல் கொடுத்தால் போதும்; சாக்கெட் திறப்பது, கனெக்ட் செய்வது, மூடுவது எல்லாம் அதன் பாடு. ஆனால் சாக்கெட்டில் நாமே ஏதாவது மாற்ற வேண்டுமென்றால்? அதற்கு 2006-ல் ஒரு வழி வைத்தார்கள்: சாக்ஆப்ட்ஃபங்ஷன் என்ற கால்பேக். சாக்கெட் உருவான பிறகு, கனெக்ட் நடப்பதற்கு முன், லைப்ரரி நம்முடைய ஃபங்ஷனைக் கூப்பிட்டு சாக்கெட்டைக் கையில் கொடுக்கும். செட்சாக்ஆப்ட் போட்டுவிட்டு பூஜ்யத்தைத் திருப்பி அனுப்பினால் வேலை தொடரும்.

"இதுக்கு எதுக்குடா கால்பேக்? ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆப்ஷன் வச்சிருக்கலாமே" என்கிறான் என் ரூம்மேட். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அடிக்கடி தேவைப்படும் நோடிலே, கீப்அலைவ் போன்றவற்றுக்குத் தனி ஆப்ஷன் ஏற்கெனவே இருக்கிறது. மிச்சமெல்லாம் லினக்ஸில் ஒரு மாதிரி, விண்டோஸில் வேறு மாதிரி. அத்தனையையும் லைப்ரரி தலையில் கட்டினால் அது என்ன ஆகும்?

சரி, கனெக்ட் ஆன பிறகு சாக்கெட்டை வாங்கி மாற்றினால் ஆகாதா? சிலவற்றுக்கு ஆகும், ரிசீவ் பஃபருக்கு ஆகாது. டிசிபியில் விண்டோ எத்தனை மடங்கு பெரிதாகலாம் என்பதை முதல் சின் பாக்கெட்டிலேயே சொல்லிவிட வேண்டும். அதன் பிறகு பஃபரைப் பெரிதாக்கினாலும் அந்த மடங்கு மாறாது. ஆகவே கனெக்டுக்கு முன்னால் ஒரு கதவு வேண்டும். மேலும், சாக்கெட் ஒன்றுதான் என்று யார் சொன்னது? ஐபிவி6, ஐபிவி4 இரண்டையும் முயன்றால் இரண்டு சாக்கெட். ரீடைரக்ட் வேறு சர்வருக்குப் போனால் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் கால்பேக் வரும். ஆனால் பழைய கனெக்ஷனையே மறுபடி பயன்படுத்தினால் வராது. இது தெரியாமல் ஒரு சாயங்காலம் முழுக்க பிரிண்ட்எஃப் போட்டுத் தேடினேன் :-(

இனி என் அவமானக் கதை. ப்ராஜெக்டுக்கு வெளிநாட்டு சர்வரிலிருந்து பெரிய ஃபைல்கள் இறக்க வேண்டும். சீனியர் கொடுத்த கோடில் இந்தக் கால்பேக்கும், உள்ளே ரிசீவ் பஃபர் 65536 என்ற வரியும் இருந்தன. "வேகம் கூடும்" என்று கமென்ட் வேறு! டெமோவுக்கு இரண்டு நாள் முன்புவரை லிப்கர்லைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம். பிறகு பிங் போட்டுப் பார்த்தால், போய்த் திரும்ப 250 மில்லி செகண்ட். ஒரு சுற்றுக்கு 64 கேபி என்றால் செகண்டுக்கு 256 கேபி, அவ்வளவுதான். லைன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதற்கு மேல் போகாது. லினக்ஸ் தானே பஃபரைத் தேவைக்கேற்ப வளர்த்துக்கொள்ளும். நாமாக ஓர் எண்ணைப் போட்டால் அந்த வளர்ச்சி நின்றுவிடும். அந்த ஒரு வரியை அழித்தோம், வேகம் வந்தது. தப்பு லைப்ரரியில் இல்லை.

இன்னொன்று: அதே கோடில் செட்சாக்ஆப்டின் விடையை அப்படியே ரிட்டர்ன் செய்திருந்தார்கள். அது தோற்றால் மைனஸ் ஒன்று. லிப்கர்ல் அதைப் பெரிய பிழையாக எடுத்துக்கொண்டு சாக்கெட்டையே மூடிவிடும். பஃபர் அளவு வெறும் விருப்பம், கிடைக்காவிட்டால் குடி முழுகிப்போகாது. அதற்காக முழு டவுன்லோடையும் சாகடிப்பது அநியாயம். மாறாக, குறிப்பிட்ட இன்டர்ஃபேஸ் வழியாக மட்டுமே போக வேண்டும் என்று கட்டியிருந்தால், அது தோற்கும்போது நிறுத்துவதுதான் சரி. இந்த இரண்டில் எது நம்முடையது என்று லைப்ரரிக்கு எப்படித் தெரியும்? நாம்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் ப்ராஜெக்டில் அந்தக் கால்பேக் இப்போதும் இருக்கிறது. பஃபர் அளவை லாகில் எழுதிவிட்டு பூஜ்யத்தைத் திருப்பும், வேறொன்றும் செய்யாது. சீனியரின் பழைய கோடு மட்டும் ஜூனியர்கள் பென்டிரைவில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களிடம் இருந்தால் அந்த 65536-ஐத் தேடிப் பாருங்கள்.