ஸ்திர விலாசம்

"ஸ்திரம் விலாசம் எவிடயா?" என்று கவுண்டரில் இருந்தவர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அவருக்கு வேண்டியது நிலையான ஒரு விலாசம். அதுதான் என்னிடம் இல்லை. ஆதாரில் வேலூர் விலாசம். வாடகை ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கு. கையெழுத்துப் போட்ட அன்று கணவர் டியூட்டியில் இருந்ததால் அது என் பெயரில் இருக்கிறது. பழைய ஊரில் சிலிண்டரை ஒப்படைத்து வாங்கிய வவுச்சரோ அவர் பெயரில் இருக்கிறது. பெயர் ஒத்துப்போகவில்லையாம். கேஸ் இணைப்புக்காக மூன்றாவது முறையாக வெறுங்கையோடு வலியசாலை வாடகை வீட்டுக்குத் திரும்பி நடந்தேன். அன்றைக்கும் இன்டக்‌ஷன் அடுப்பில்தான் சோறு.

என் வீட்டுக்காரர் தரைப்படையில் ஹவில்தார். எங்கள் வேலூர்ப் பக்கத்தில் இது புதுமை இல்லை. கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்வார்கள். அங்கே வீட்டுக்கு வீடு படைவீரர் உண்டு. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. முதலில் பதான்கோட், பிறகு ஜபல்பூர். நடுவில் அவர் எல்லையில், நான் மாமியார் வீட்டில். இப்போது திருவனந்தபுரம் பாங்கோடு. திருவிதாங்கூரின் நாயர் படை இருந்த பழைய பாளையம் அது. 1741-ல் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த குளச்சல் போரின் பெயரில் அங்கே ஒரு மைதானமே இருக்கிறது. ஆனால் குவார்ட்டர்ஸில் எங்கள் முறை வர இன்னும் நாளாகும். அதனால் வெளியே வாடகை வீடு. அவர் ஸ்கூட்டரில் கால்மணி நேரத்தில் போய்விடுவார்.

எங்களோடு எல்லா ஊருக்கும் வந்த ஒரே சாமான் ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் அவருடைய நம்பர், ரேங்க், பெயர், யூனிட். ஒவ்வொரு மாற்றலுக்கும் பழைய யூனிட்டின் மேல் கறுப்பு அடித்துப் புதிதாக எழுதுவார். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் அடியில் பழைய எழுத்துகள் மேடாகத் தெரியும். பெட்டியை நிமிர்த்தி வைத்து, அதன் பக்கத்தில் மகளின் உயரத்தை ஆணியால் கீறி வைத்திருக்கிறோம். பதான்கோட்டில் இடுப்பளவு, ஜபல்பூரில் மூன்று கோடுகள். வாடகைச் சுவரில் கீறினால் வீட்டுச் சொந்தக்காரர் ஏசுவார், சுவரும் கூட வராது. ஆறாம் வகுப்புக்கு வந்த பிறகு பெட்டியின் உயரம் அவளுக்குப் போதவில்லை.

இந்த ஊர் எங்களைத் தள்ளி வைக்கவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும். காந்தளூர் மகாதேவர் கோயிலைச் சுற்றிய அக்ரஹாரத் தெரு. வீட்டுக்கு வீடு பொதுச் சுவர். பக்கத்து வீட்டு மாமியின் தமிழில் பாதி மலையாளம், என் தமிழில் பாதி இந்தி. "ஒண்ணும் யோசிக்காதேம்மா, எங்காத்துலேர்ந்து எடுத்துக்கோ" என்று முதல் நாளே தயிரும் கறிவேப்பிலையும் கொடுத்தார். சாலைக் கடைத்தெருவுக்குப் போனால் தமிழே போதும். வெங்காயக் கடைக்காரர் திருநெல்வேலிப் பேச்சில் விலை சொல்கிறார். ஆற்றுகால் பொங்கலையன்று தெரு முழுக்கச் செங்கல் அடுப்புகள். மாமி தன் அடுப்புக்குப் பக்கத்தில் மூன்று கல் வைத்து, "இது உன் இடம்" என்றார். அந்தப் புகையில் கண் எரிந்து அழுதேன். புகைக்காக மட்டும் அழவில்லை. ஊர் ஒரே நாளில் சேர்த்துக்கொண்டது. காகிதம்தான் வருடக்கணக்கில் சேர்க்க மாட்டேன் என்கிறது.

மகளின் படிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசுப் பள்ளியில் அவள் வகுப்பில் இடம் இல்லை என்றார்கள். தனியார் பள்ளியில் சேர்த்தோம். 2017-ல் கேரளம் கொண்டுவந்த சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பள்ளியிலும் மலையாளம் கட்டாயம். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. தன் மொழியைக் காக்க எந்த மாநிலத்துக்கும் உரிமை உண்டு. ஆனால் ஆறாம் வகுப்பில் அ, ஆ-விலிருந்து தொடங்கும் பிள்ளைக்கு ஒரு வருட அவகாசம், ஒரு தனி வகுப்பு, ஒரு ஆசிரியர் வேண்டாமா? சாலைக் கடைத்தெருப் பக்கம் தமிழ்வழி அரசுப் பள்ளி இருக்கிறது. சேர்த்திருப்பேன், அடுத்த மாற்றல் அசாமுக்கோ ராஜஸ்தானுக்கோ வந்தால் அவள் எங்கே போய் நிற்பாள்? இப்படித் தமிழும் படிக்காமல் போனதால், பாட்டி எழுதும் கடிதத்தை நான் வாசித்துக் காட்டினால்தான் அவளுக்குப் புரிகிறது.

என் கதை அடுத்தது. பி.எட். முடித்து 2013-ல் தமிழ்நாட்டில் ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் தேறினேன். அந்தச் சான்றிதழ் ஏழு வருடம் அல்ல, ஆயுள் முழுக்கச் செல்லும் என்று 2021-ல் மத்திய அரசு அறிவித்தபோது ஸ்வீட் வாங்கிக் கொண்டாடினோம். ஆயுள் முழுக்கச் செல்வது மாநில எல்லையில் களியக்காவிளை செக்போஸ்ட்டைத் தாண்டினால் செல்லாது. இங்கே அரசுப் பள்ளிக்குக் கேரளத்தின் கே-டெட் வேண்டும், வெளி மாநிலப் பட்டத்துக்கு இணைச் சான்று வேண்டும். அதெல்லாம் கைக்கு வரும்போது அடுத்த மாற்றலுக்கான மூவ்மென்ட் ஆர்டர் வந்திருக்கும். தனியார் பள்ளிகளில் ஒவ்வொரு ஊரிலும் புது ஆசிரியைக்கான சம்பளத்திலிருந்தே ஆரம்பித்திருக்கிறேன். என்னோடு படித்தவர்கள் தலைமையாசிரியை ஆகும் வயதில் நான் இன்னும் 'டெமோ கிளாஸ்' எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஸ்கூட்டர் நம்பர் டி.என். 23, வேலூர்ப் பதிவு. வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த மாநில நம்பருக்கு மாற்ற வேண்டும் என்பது 1988 மோட்டார் வாகனச் சட்டம். வேலூரில் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, அங்கே கட்டிய வரியைத் திரும்பக் கேட்டு மனுப்போட வேண்டும். இந்தத் தொல்லை தெரிந்துதான் 2021-ல் பி.எச். வரிசை நம்பர் கொண்டுவந்தார்கள். படையில் இருப்பவர் நாடு முழுக்க ஒரே நம்பரில் ஓட்டலாம். இரண்டிரண்டு வருடமாக வரி கட்டலாம். நல்ல ஏற்பாடு, மனமாரச் சொல்கிறேன். ஆனால் வண்டிக்கு இவ்வளவு யோசித்தவர்கள், அதில் பின்னால் உட்கார்ந்து வருகிறவளின் சான்றிதழுக்கு ஏன் யோசிக்கவில்லை?

சட்டத்தில் எங்களை எண்ணவே நாளாகிறது. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, படைவீரரோடு வசிக்கும் மனைவி சொந்தத் தொகுதியிலேயே சர்வீஸ் வாக்காளராகப் பதிவு செய்யலாம். படையில் இருக்கும் பெண்ணின் கணவருக்கு அந்த உரிமை முன்பு இல்லை. 'மனைவி' என்று இருந்ததை 'வாழ்க்கைத்துணை' என்று மாற்றியது 2021 டிசம்பரில். ஒரு சொல்லை மாற்ற அத்தனை ஆண்டு.

வெளிநாட்டில் எப்படி என்று விசாரித்தேன். ஜப்பானில் யோகோசுகாவிலும் ஒக்கினாவாவிலும் அமெரிக்கப் படைத்தளங்கள் இருக்கின்றன. மாற்றலாகி வரும் வீரருக்கு, அவர் போய்ச் சேரும் பிரிவிலேயே ஒருவரை 'ஸ்பான்சர்' என்று முன்கூட்டியே நியமிக்கிறார்கள். வீடு, பள்ளி, ஓட்டுநர் உரிமம் என்று வழிகாட்டுவது அவர் பொறுப்பு. அமெரிக்காவுக்குள் மாநிலம் விட்டு மாநிலம் மாறும் படைவீரரின் துணைவருடைய தொழில் உரிமங்களைப் புது மாநிலமும் ஏற்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் சட்டமே வந்துவிட்டது. அவர்களுடைய பணவசதி நமக்கு இல்லாமல் இருக்கலாம். ஒரு கடிதம் எழுதவும் ஒரு ஆளை நியமிக்கவும் எவ்வளவு பணம் வேண்டும்? இங்கே எனக்கு ஸ்பான்சர் பக்கத்து வீட்டு மாமிதான்.

நான் குடியிருக்கும் வலியசாலையின் பெயரிலேயே ஒரு சாலை இருக்கிறது. காந்தளூர்ச் சாலை என்றால் ரோடு அல்ல. வெளியூரிலிருந்து வந்தவனுக்குச் சோறும் தங்க இடமும் கொடுத்துப் படிக்க வைத்த நிலையம். ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-ல் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்களுக்குச் சாலை அமைத்தபோது, காந்தளூரைத்தான் மாதிரியாக வைத்தான். வருகிறவன் எங்கே தங்குவான், என்ன சாப்பிடுவான் என்பதைச் செப்பேட்டில் எழுதி வைத்த மண் இது. கணினியில் எழுதி வைக்க முடியாதா?

2002-ல் படைவீரர் குடும்பங்களுக்கு வீடு கட்டும் திட்டம் தொடங்கினார்கள். இலக்கு ஏறக்குறைய 2 லட்சம் வீடுகள். வீடு கட்ட நாளாகும், பொறுத்துக்கொள்கிறேன். நான் கேட்பது வீடு அல்ல. மூவ்மென்ட் ஆர்டரில் என் பெயரையும் மகள் பெயரையும் சேர்த்து அடியுங்கள். அந்த ஒரு தாளை கேஸ் கவுண்டரிலும் பள்ளியிலும் ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் விலாசச் சான்றாக ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். என் ஆசிரியர் சான்றிதழை எங்கள் பெட்டியைப் போல எந்த ஊருக்கும் கொண்டுபோக விடுங்கள். மாற்றல் அவருக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். மாறுவது மூன்று பேர்.

திங்கட்கிழமை மறுபடியும் கவுண்டருக்குப் போக வேண்டும். கணவர் லீவு கேட்டிருக்கிறார். கிடைத்தால் ஒப்பந்தத்தில் அவர் பெயரையும் சேர்த்து எழுதி வாங்கிக்கொண்டு போவோம். கிடைக்காவிட்டால் நான்காவது முறையும் நான்தான் போவேன்.