அழுக்கு நோட்டுக்கு என்ன விலை?

தூத்துக்குடியில் கடைசியாக முத்துச் சலாபம் நடந்தது 1961இல். அதற்கு 98 ஆண்டுகளுக்கு முன், 24 வயது பிரெஞ்சு இசையமைப்பாளர் ஜார்ஜ் பிசே, இலங்கைக் கரையில் நடக்கும் கதைக்கு இசையமைத்த ‘முத்துக்குளிப்போர்’ என்ற இசைநாடகம் பாரிஸில் மேடையேறியது. பதினெட்டே ஆட்டம், அத்தோடு மூடினார்கள்.

பிசே 1875இல் இறந்தார். பின்னால் நாடகத்தை மறுபடி மேடையேற்றியபோது முடிவை மாற்றினார்கள். கோதார் என்பவர் இயற்றிய பாட்டு ஒன்றும் உள்ளே நுழைந்தது. பிசே கைப்பட எழுதிய முழுப்பிரதி பதிப்பாசிரியர்களுக்குக் கிட்டாததால், பல தலைமுறைகள் கேட்டது இந்த ஒட்டுப்போட்ட வடிவத்தைத்தான். 2002இல் இசை நடத்துநர் பிராட் கோஹன் மூலத்தை மீட்க முனைந்தபோது கைகொடுத்தது, பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இருந்த 1863ஆம் ஆண்டு இசை நடத்துநர் பிரதி. எந்த இடத்தில் எந்த வாத்தியம் என்று குறித்துவைத்த வேலைப் பிரதி அது.

கைப்பிரதி வாங்குவோரும் காப்பகத்தாரும் இங்கே சற்று நிற்க வேண்டும். இசையமைப்பாளர் மாலரின் இரண்டாம் சிம்பொனிக் கைப்பிரதி 2016இல் லண்டன் ஏலத்தில் 45 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. இத்தகைய செய்தி வந்தாலே நம் சந்தையிலும் “ஆசிரியர் கையெழுத்தா?” என்பதுதான் முதல் கேள்வி. தமிழ் இசைநாடகத்துக்கு அந்தக் கேள்வி மட்டும் போதாது.

இதே தூத்துக்குடிப் பகுதியில் 1867இல் பிறந்து, உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுதி, பிறகு நாடகத்துக்கு வந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்தாராம், அவருடைய மாணவர் தி. க. சண்முகம் சொல்லியிருக்கிறார். அந்த இரவின் தாள்கள் யாரிடமாவது இருந்தால் கொண்டாடலாம். ஆனால் ‘வள்ளி திருமண’மும் ‘பவளக்கொடி’யும் இன்றுவரை மதுரை, புதுக்கோட்டை வட்டாரத்தில் விடிய விடிய நடப்பதற்குக் காரணம் வாத்தியார் கொடுத்த பாடமும் பாட்டு நோட்டும்தான். இப்படி நடக்கும் ‘ஸ்பெஷல் நாடக’த்தில் ஒத்திகை கிடையாது. ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பபூனும் ஆளுக்கோர் ஊரிலிருந்து வந்து மேடையில்தான் சந்திக்கிறார்கள். எந்த அடியை வெட்டினார்கள், எந்த மெட்டை மாற்றினார்கள் என்பதற்கு அந்த எண்ணெய்க் கறை படிந்த நோட்டே சாட்சி. அதைப் பழைய பேப்பர் கடை எடைக்கு எடுத்துக்கொள்கிறது!

இப்படிப்பட்ட பிரதிகள் தனியார் கையில் இருப்பதே குற்றம் என்பதில்லை. மோட்சார்ட்டின் ‘டான் ஜியோவானி’ கைப்பிரதியை 1855இல் விலைக்கு வாங்கியவர் பாடகி போலின் வியார்டோ. வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காட்டினார், 1892இல் பாரிஸ் இசைக்கல்லூரிக்குக் கொடுத்தார். இன்று அது பிசேயின் நடத்துநர் பிரதி இருக்கும் அதே நூலகத்தில் இருக்கிறது.

நாடக நோட்டு கைக்கு வந்தால் முதலில் இருக்கிற வரிசையிலேயே எல்லாப் பக்கங்களையும், வெற்றுப் பக்கம் உட்பட, படமெடுக்க வேண்டும். யாரிடமிருந்து, எந்த நாடகக் குழுவினர் வழியாக வந்தது என்று அன்றே எழுதிவைக்க வேண்டும். லேமினேஷனும் செல்லோ டேப்பும் கூடாது. துருப்பிடித்த குண்டூசியைப் பார்த்து எடுக்கலாம். அது பிடித்திருந்த துண்டுச் சீட்டை மட்டும் அதே பக்கத்தில் விட்டுவைக்க வேண்டும். பெரும்பாலும் கடைசி நேரத்தில் சேர்த்த பாட்டு அதில்தான் இருக்கும்.