வினைச்சொற்களைத் தொலைத்த ஆய்வு

1985 செப்டம்பரில் ஜப்பானில் வெளிவந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' பற்றி ஒரு கருத்தரங்கக் கட்டுரை எழுதப்படுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதில் என்னென்ன இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட முடியும். கடத்தப்பட்ட இளவரசி இருக்கிறாள். எனவே பாலினம் குறித்து ஒரு பகுதி. கதாநாயகன் குழாய் பழுதுபார்ப்பவன்; எனவே வர்க்கம். இத்தாலியப் பெயர் சூடிய ஜப்பானியப் படைப்பு. எனவே பண்பாட்டுக் கலப்பு. வழியெங்கும் நாணயங்கள் மிதக்கின்றன. எனவே முதலாளியம் குறித்து இரண்டு பத்திகள். இவற்றில் எதுவும் தவறன்று. ஆனால், அந்த ஆட்டத்தை ஐந்து நிமிடம் ஆடிய ஒரு குழந்தை முதலில் அறிந்துகொள்ளும் செய்தி அக்கட்டுரையில் இராது: மரியோ நினைத்த இடத்தில் நிற்பதில்லை. சறுக்குகிறான்.

இந்தச் சறுக்கலை விட்டுவிட்டு அந்த ஆட்டத்தைப் படிப்பது, ஒரு வாக்கியத்தின் பெயர்ச்சொற்களை மட்டும் படித்துவிட்டு வினைச்சொல்லைத் தாண்டிச் செல்வதற்கு ஒப்பானது. இளவரசி, காளான், குழாய், கோட்டை ஆகியன எல்லாம் பெயர்ச்சொற்கள். ஓடுதல், தாவுதல், சறுக்குதல், விழுதல் ஆகியவையே ஆட்டத்தின் வினைகள். இந்தியப் பல்கலைக்கழகங்களில் வீடியோ விளையாட்டுகள் ஆய்வுப் பொருளாக ஏற்கப்படத் தொடங்கியிருக்கும் இந்த வேளையில், பெயர்ச்சொல் வாசிப்பே முறையியலாக நிலைபெற்றுவிடும் அறிகுறிகள் தெரிகின்றன. பிறர் ஆடும் காணொளியைப் பார்த்துவிட்டு ஆய்வேடு எழுதலாம் என்ற துணிவு இங்கிருந்துதான் பிறக்கிறது. காணொளியில் சறுக்கல் தெரியும். ஆனால் அது விரலுக்குத் தெரியாது.

தளத்துக்குத் தளம் தாவிச் செல்லும் ஆட்டங்களில் இயக்கம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1981இல் வந்த 'டாங்கி காங்' ஆட்டத்தில் அதே நாயகனுக்கு இரண்டே நிலைகள்: நின்றிருப்பான், அல்லது மாறாத வேகத்தில் நடப்பான். தாவினால் முன்பே வகுத்த வளைவில் போய் இறங்குவான். நடுவானில் எதையும் மாற்ற இயலாது. 1982இல் டேவிட் கிரேன் 128 பைட் நினைவகம் மட்டுமே கொண்ட அடாரி 2600 கருவிக்கு எழுதிய 'பிட்ஃபால்' ஆட்டத்திலும் தாவல் அத்தகையதே. குழியின் விளிம்பில் விசையை அழுத்தவேண்டும்; அதன்பின் நடப்பதை வேடிக்கை பார்க்கவேண்டும். அங்கே ஒவ்வொரு தாவலும் தனித்தனி. முந்தைய நொடியில் என்ன செய்தோம் என்பதை அடுத்த நொடி கேட்பதில்லை.

'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' அதைக் கேட்கிறது. திரை நொடிக்கு ஏறத்தாழ 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஒரு புதுப்பித்தலை ஒரு சட்டகம் எனலாம். ஒரு படப்புள்ளி 16 கூறுகளாகப் பகுக்கப்பட்டு, வேகம் அந்தக் கூறுகளில் அளக்கப்படுகிறது. நடையின் உச்ச வேகம் சட்டகத்துக்கு 24 கூறு, அதாவது ஒன்றரைப் படப்புள்ளி. ஓட்டத்தின் உச்சம் 40 கூறு, இரண்டரைப் படப்புள்ளி. இந்த உச்சத்தை உடனே எட்ட முடியாது. எட்டியபின் உடனே விடவும் முடியாது. எனவே வேகம் என்பது விளையாடுபவர் சற்றுமுன் எடுத்த முடிவுகளின் பதிவாகிறது. பாடநூல் வரையறைப்படி உந்தம் என்பது நிறையும் திசைவேகமும் பெருகிய பலன். இந்த ஆட்டத்தின் நிரலில் நிறை என்ற ஒன்றே கிடையாது. ஆயினும் ஆடுபவர் அனைவரும் கனத்தை உணர்கின்றனர். நிறையில்லாத உலகில் கனத்தை உண்டாக்குவது கடந்த காலம். தமிழில் 'வினை' என்னும் ஒரே சொல் செயலையும் அதன் பயனையும் சுட்டுவதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

தாவலின் கணக்கு இன்னும் நுட்பமானது. நின்ற நிலையில் தாவினால் தொடக்க வேகம் சட்டகத்துக்கு 4 படப்புள்ளி. விசையை அழுத்திக்கொண்டே இருந்தால், மேலெழும்போது ஈர்ப்பு ஒவ்வொரு சட்டகத்திலும் அந்த வேகத்திலிருந்து 256இல் 32 பங்கைக் கழிக்கிறது. விசையை விட்டாலோ, உச்சியைக் கடந்தாலோ அந்தப் பங்கு 112 ஆகிவிடுகிறது. அதாவது இறங்குவோரை இழுக்கும் ஈர்ப்பு, ஏறுவோரை இழுப்பதைப்போல் மூன்றரை மடங்கு. மேலும், தரையை விட்டு எழும் கணத்தில் கிடைவேகம் நடையின் உச்சத்தை மீறியிருந்தால் தொடக்க வேகம் 5 ஆகிறது. ஈர்ப்பின் எண்களும் வேறாகின்றன. நின்று தாவினால் ஏறத்தாழ நான்கு கட்டை உயரம். ஓடித் தாவினால் ஏறத்தாழ ஐந்து. கிடையாகச் சேர்த்த வேகம் செங்குத்து உயரமாகக் கைக்கு வருகிறது.

இதைக் கண்டதும் இயற்பியல் துறையிலிருந்து ஒரு சிரிப்பு எழும். கிடைவேகமும் செங்குத்து வேகமும் ஒன்றையொன்று பாதிப்பதில்லை என்பது பள்ளிப் பாடமாயிற்றே; பொத்தானை விட்டால் ஈர்ப்பு மாறும் உலகம் எங்கே இருக்கிறது? இந்தச் சிரிப்பின் தொடர்ச்சியாக ஒரு பொழுதுபோக்கு உண்டு. மரியோவின் உயரத்தை மனித உயரமாகக் கொண்டு அவ்வுலகின் ஈர்ப்பு பூமியினதைப்போல் எத்தனை மடங்கு என்று கண்டுபிடிப்பது. வகுப்பில் மாணவர்களை ஈர்க்க நல்ல பயிற்சிதான். ஆட்டத்தைப் பற்றிய அறிவாக அதை முன்வைப்பதுதான் சிக்கல். வளர்ந்த மரியோவின் உருவம் 32 படப்புள்ளி உயரம். அதை 1.6 மீட்டர் என்று கொண்டால், விழும்போதுள்ள ஈர்ப்பு பூமியினதைப்போல் சுமார் 8 மடங்கு வரும். காளான் உண்பதற்கு முந்தைய சிறிய மரியோ 16 படப்புள்ளி. அதே கணக்கில் 16 மடங்கு. அப்படியாயின் காளானைத் தின்றதும் ஈர்ப்பு பாதியாகிறதா? நிரலில் எந்த எண்ணும் மாறவில்லை. மாறியது அளப்பவர் வெளியிலிருந்து கொண்டுவந்த அளவுகோல். மீட்டர் என்பது அந்த உலகத்துக்குள் இல்லாத பொருள். அங்குள்ள அலகுகள் கட்டையும் சட்டகமும் மட்டுமே.

இன்னொரு தரப்பு, அக்காலக் கருவிகளின் வலுக்குறைவால்தான் இயற்பியல் இப்படிக் கோணலாயிற்று என்று பரிவோடு விளக்கம் சொல்லும். இந்தப் பரிவு ஏளனத்தைவிட மோசமானது, ஏனெனில் இது நம்பும்படி ஒலிக்கிறது. ஃபேமிகாமின் 8 பிட் செயலியில் பெருக்கலுக்கென ஒரு கட்டளைகூடக் கிடையாது என்பது மெய்யே. ஆனால் மாறாத ஈர்ப்பை நடத்திக்காட்டப் பெருக்கல் தேவையில்லை. ஒவ்வொரு சட்டகத்திலும் வேகத்தோடு ஒரே எண்ணைக் கூட்டிக்கொண்டே போனால் போதும். சம நேரங்களில் கடக்கும் தொலைவுகள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் வளரும் என்று கலிலியோ 1638இல் அச்சிட்டுச் சொன்னது தானாகவே நிகழும். சரியான ஈர்ப்புதான் மலிவானது. ஓடும் வேகத்தைச் சோதித்து, பொத்தானின் நிலையைச் சோதித்து, ஏறுவதற்கு ஓர் அட்டவணையும் இறங்குவதற்கு ஓர் அட்டவணையும் வைத்து அவற்றிலிருந்து எண்ணைத் தேர்ந்தெடுப்பதற்குத்தான் கூடுதல் நினைவகமும் கூடுதல் கட்டளைகளும் வேண்டும். மொத்தம் 40 கிலோபைட்டுக்குள் ஓர் உலகையே அடைக்கவேண்டிய நிலையில், அந்தப் படைப்பாளிகள் நியூட்டனிடமிருந்து விலகுவதற்காகச் செலவு செய்திருக்கிறார்கள். செலவு செய்து வாங்கிய ஒன்றைக் குறைபாடு என்று அழைப்பது எவ்வகை ஆய்வு?

1991இல் வந்த 'சோனிக் தி ஹெட்ஜ்ஹாக்' இதே வாதத்தை வேறொரு திசையிலிருந்து உறுதிசெய்கிறது. மெகா டிரைவ் கருவியின் 68000 செயலிக்குப் பெருக்கத் தெரியும். யூஜி நாக்காவின் நிரலில் தரையின் சாய்வுக்கோணம், சைன் அட்டவணை எல்லாம் உண்டு. ஓட்டத்தின் வேகம் சாய்வுக்கேற்பக் கிடையாகவும் செங்குத்தாகவும் பகுக்கப்படுகிறது. பார்ப்பதற்கு மெய்யான இயக்கவியல். ஆனால் சுருண்டு உருளும்போது மேட்டில் ஏறினால் சாய்வு பறிக்கும் வேகத்தின் எண் 20. பள்ளத்தில் இறங்கினால் அளிக்கும் எண் 80. நான்கு மடங்கு. மெய்யுலகில் ஒரு பள்ளத்தாக்கில் உருட்டிவிட்ட பந்து எதிர்க்கரையில் புறப்பட்ட உயரத்துக்கு மேல் ஏறாது. சோனிக்குக்கு ஒவ்வொரு பள்ளமும் கொடை வழங்குகிறது. ஆற்றல் அழியாமை விதியை மீறத் தெரிந்தே மீறியிருக்கிறார்கள், அதுவும் சைன் அட்டவணையை அருகில் வைத்துக்கொண்டு. பள்ளம் கண்டால் அஞ்சாமல் சுருண்டு விழவேண்டும் என்பதைச் சொல்லில் இல்லாமல் எண்ணில் எழுதிய வாக்கியம் அது. கருவி வலுப்பெற்றதும் இயற்பியல் 'சரியாகிவிடும்' என்ற முன்னேற்றக் கதைக்கு இங்கே இடமில்லை.

எண்கள்தான் பாடம் என்பதை ஆய்வாளர்களைவிட ஆடுபவர்கள் நன்கறிவர். 2010இல் 'சோனிக் தி ஹெட்ஜ்ஹாக் 4' முதற்பகுதி வந்தபோது உருவமும் நிறமும் சுழலும் வளையங்களும் இருந்தன. பழைய தொடரின் நேரடித் தொடர்ச்சி என்ற பெயரும் இருந்தது. ஆனால் வானில் பாய்ந்துகொண்டிருக்கையில் விசையை விட்டதும் வேகம் வற்றிப்போயிற்று. பழைய ஆட்டத்தில் தோய்ந்தவர்கள் அதை உடனே இனங்கண்டு சினந்தார்கள். ரசிகர்களின் பழமைமோகம் என்று அந்தச் சினத்தை ஒதுக்குவது எளிது. உண்மையில் அவர்கள் செய்தது பாட விமரிசனம்: எழுத்துரு அதே, அட்டை அதே, சொற்கள் வேறு என்றார்கள். மரியோ, சோனிக் ஆகியவற்றின் நிரல்களைப் பிரித்து, வரிக்கு வரி குறிப்பெழுதி, மேற்சொன்ன எண்களையெல்லாம் பொதுவெளியில் வைத்தவர்களும் பெரும்பாலும் ஊதியமில்லாத ஆர்வலர்களே. பதிப்பாசிரியர் வேலையை அவர்கள் முடித்துக் கொடுத்திருக்கிறார்கள். துறைகளுக்கு அதை வாசிப்பதில்கூடத் தயக்கம் இருக்கிறது.

விளையாட்டாய்வு கதையா விதியா என்ற பழைய வழக்கை இங்கே சிலர் எழுப்பக்கூடும். எஸ்பென் ஆர்செத்தின் 'சைபர்டெக்ஸ்ட்' 1997இல் வந்தபின் தொடங்கிய அந்தச் சண்டையில் விதியின் பக்கம் நின்றவர்களும் பெரும்பாலும் தொட்டால் இறக்கும், எடுத்தால் வளரும் என்பது போன்ற விதிகளையே பேசினர். 24க்கும் 40க்கும் இடையிலுள்ள நெகிழ்ச்சி கதையும் அன்று, அத்தகைய விதியும் அன்று. அதற்குத் தன் நூலில் நேர்மையான இடமளித்தவர் வடிவமைப்பாளரான ஸ்டீவ் ஸ்விங்க். மரியோவின் இயக்கத்துக்கென அதில் தனி இயலே உண்டு. அவர் பேராசிரியர் அல்லர் என்பது தற்செயலா என்று துறைகள் தம்மைக் கேட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவும் இந்தியாவுக்கு எதற்கு என்ற வினா வரும். இங்குள்ள கடப்பாடு பிறரைவிடக் கூடுதலானது. இந்தியத் தொலைக்காட்சி பால் முறையில், நொடிக்கு 50 புலங்கள் என்ற கணக்கில் இயங்கியது. 1990களில் இந்திய வீடுகளில் மரியோ பெரும்பாலும் ஃபேமிகாமின் மலிவான நகல் கருவிகளின் வழியாகவே நுழைந்தான். 60க்கென எழுதிய நிரலை 50க்கென அமைந்த கருவியில் ஏற்றினால் என்ன ஆகும்? எண்கள் யாவும் சட்டகத்தைச் சார்ந்தவை, நொடியை அறியாதவை. எனவே தாவலின் உயரமும் நீளமும் துளியும் மாறாமல், அதன் கால அளவு மட்டும் 1.2 மடங்காகிறது. நொடிக் கணக்கில் பார்த்தால் ஈர்ப்பு 36இல் 25 பங்காகக் குறைகிறது. ஐரோப்பாவுக்கான அதிகாரபூர்வ மரியோவில் இதை ஈடுசெய்ய எண்கள் திருத்தப்பட்டன. வேகத்தையே விளம்பரமாகக் கொண்ட முதல் சோனிக்கிலோ அதுவும் செய்யப்படவில்லை, ஐரோப்பியர் அதை ஆறில் ஒரு பங்கு மந்தமாகவே ஆடினர்.

ஆக, 50 ஹெர்ட்ஸ் கருவியில் ஆடிய சிறுவர்கள் கையில் இருந்தது வேறொரு பாடபேதம்: மிதந்து இறங்கும், முடிவெடுக்கச் சற்றே கூடுதல் அவகாசம் தரும் மரியோ. திரைக்காட்சிகளை ஒப்பிட்டால் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. படத்தை மட்டும் பார்க்கும் ஆய்வுமுறைக்கு இந்தியாவில் ஆடப்பட்ட அந்தப் பிரதி கண்ணுக்கே புலப்படாது. அந்தக் கருவிகளோ பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. ஒரு சங்கப் பாட்டை மேற்கோள் காட்டும் மாணவர் எந்தப் பதிப்பு என்று குறிப்பிடாவிட்டால் நெறியாளர் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்புவார். எந்தக் கருவி, எத்தனை ஹெர்ட்ஸ், எந்த வெளியீடு என்று குறிப்பிடாத விளையாட்டு ஆய்வேடு மட்டும் முனைவர் பட்டத்துக்கு எப்படித் தகுதி பெறுகிறது?

பாத்திரப் படைப்பு பற்றிய இயலை எழுதிக்கொண்டிருப்பவர்கள் லூயிஜியிடமிருந்து தொடங்கலாம். 1985ஆம் ஆண்டு ஆட்டத்தில் லூயிஜி என்பவன் நிறம் மாற்றிய மரியோ மட்டுமே. அதே ஓட்டம், அதே தாவல். 1986இல் ஜப்பானில் வந்த இரண்டாம் ஆட்டத்தில் அவனுக்கு ஒரு வரி வசனமும் தரப்படவில்லை, முகமும் மாற்றப்படவில்லை. சில எண்கள் மாற்றப்பட்டன. தாவல் உயர்ந்தது, காலுக்குப் பிடிமானம் குறைந்தது. தம்பி உயரப் பறக்கிறான், இறங்கிய இடத்தில் நிற்கமுடியாமல் வழுக்கிப் பள்ளத்தில் விழுகிறான். அண்ணனைவிடத் திறன் மிகுந்தவன், தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள அறியாதவன் என்ற குணச்சித்திரம் முழுவதும் ஓர் உராய்வு எண்ணில் இருக்கிறது.